அபின் நோயும் மாற்று மருந்தும்
(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கல்வியின் பெருமையும், மணச் செலவைக் குறைக்கவேண்டிய அவசியமும், கைத்தொழில் வளர்ச்சியும் பேசப்பட்டு வந்துள்ளன. இவ்வாண்டு எமக்கு இடப்பட்ட கட்டளை வேறு. நமது நிர்வாகக் கழகத்தின் முன் ஒரு விண்ணப்பம் வந்துள்ளது. அதனை ஆராய்வதற்குமுன் அதன் உட்பொருளை அங்கத்தினர்கள் தெளிவாக உணர்தல் வேண்டும் என்று தலைவர் அவர்கள் விரும்பினார்கள். அதனை விளக்கும் பொறுப்பு எம்மிடம் வந்தது. யாம் வைத்தியரல்லேம். எனினும், இவ்விஷயத்தில் படித்தறிந்தவையும் பட்டறிந்தவையும் எம்மிடம் சில உள. பட்டறிந்ததன் விலை யாதென்பதை இவ்வுரையின் நடுவே கூறுவோம்.

விண்ணப்பத்தின் சாரம் இதுதான். போதை மருந்துக்கு ஆட்பட்டுச் சிகிச்சை பெறுவோருள் சிலர், சிகிச்சையின் பெயரால் நாள்தோறும் ஒரு மாத்திரையை உட்கொண்டு வருகின்றனர். அம்மாத்திரையும் அபின் இனத்தைச் சார்ந்ததே. ஆதலின் அதனை முற்றும் விடுங்காறும் அவர்களைப் போதையர் என்றே கொள்ளவேண்டும். நமது மாணவர் விடுதியில் இடமும் கல்வி உதவித்தொகையும் அவர்களுக்கு அளித்தல் கூடாது. மணமக்கள் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறலாகாது. இதில் கையொப்பமிட்டவர்கள் தீய எண்ணமுடையவரல்லர். சமூகத்தின் நற்பெயரைக் காக்கவேண்டும் என்ற ஆர்வமே அவர்களை இதற்குத் தூண்டியது. மூன்று ஆண்டுகட்கு முன் இவ்விண்ணப்பம் வந்திருக்குமானால் முதற் கையொப்பம் எம்முடையதாகவே இருந்திருக்கும்.

நோயின் இயல்பு

நம் சமையலறையில் கசகசா உண்டு. குருமாவிலும் பாயசத்திலும் அரைத்து விடுகின்றோம். அவ்விதையைத் தரும் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அப்பால் உறைந்ததே அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானியர் அபினிலிருந்து அதன் சத்தாகிய மார்பின் என்பதைப் பிரித்தெடுத்தார். அம்மார்பினை மாற்றிச் செய்த ஹெராயின் என்பது 1898-ஆம் ஆண்டில் இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. பின்னர்ச் செடியின் உதவியே இன்றி இரசாயன முறையில் பெத்தடின், மெதடோன், பென்டனில், டிரமடால், டாபென்டடால் முதலியன ஆக்கப்பட்டன. இவை யாவும் ஒரே இனத்தன.

இவ்வினத்தை முழுவதும் பழித்தல் நன்றன்று. புற்றுநோயால் துடிக்கும் ஒருவருக்கு மார்பினைப் போன்ற கருணையுடைய மருந்து வேறில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிந்தபோதும் வைத்தியர் அளவறிந்து இவற்றைக் கொடுக்கின்றனர். அளவும் காலமும் தவறியவிடத்தே தீங்கு பிறக்கின்றது.

அத்தீங்கு எவ்வாறு பிறக்கின்றது? மூளையிலே இவ்வினத்துப் பொருள்களை ஏற்கும் வாயில்கள் இயற்கையாகவே அமைந்துள்ளன. வலியை ஆற்றுதற்கென உடலே இத்தன்மையுள்ள சிலவற்றைச் சுரந்து அவ்வாயில்களுக்கு அனுப்புகின்றது. புறத்தேயிருந்து வந்த மருந்து அவ்வாயில்களை நாள்தோறும் நிறைக்குமாயின், உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். முதல் நாள் ஒரு மாத்திரையால் கிடைத்த அமைதி, பின் நான்காலும் கிடையாது. மருந்து நின்றவுடன் கண்ணீர், மூக்குநீர், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, எலும்பு நோவு, உறக்கமின்மை என்று துன்பங்கள் வரிசையாக வரும். அந்நிலையில் அவன் இன்பத்துக்காக மருந்தை நாடுகின்றான் அல்லன். நோவிலிருந்து தப்புவதற்காகவே நாடுகின்றான்.

இத்துன்பங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். ஆதலாற்றான் நம்மிற் பலர், 'அறையில் அடைத்துவைத்தால் போதும், தெளிந்துவிடுவான்' என்று எண்ணுகின்றோம். ஆனால் வேட்கையோ மாதக்கணக்கில், சிலரிடத்து ஆண்டுக்கணக்கில், நீறுபூத்த நெருப்பாய் உள்ளே கிடக்கும். இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். மருந்தை விட்டிருந்த நாட்களில் அதனைத் தாங்கும் வலிமை உடலில் குறைந்துவிடுகின்றது, வேட்கையோ குறைவதில்லை. பழைய வேட்கையால் உந்தப்பட்டுப் பழைய அளவை ஒருவன் எடுத்துக்கொள்ளின், அவ்வளவே மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தோ, சிகிச்சை இல்லத்திலிருந்தோ வெளிவந்த முதற் சில வாரங்களில் சாவு மிகுதியாக நிகழ்வதற்குக் காரணம் இதுவே.

நியூயார்க் நகரத்து ஆராய்ச்சி

இந்நோயை வைத்தியம் கொண்டு ஆற்றும் முறை அமெரிக்காவிலே எவ்வாறு பிறந்தது என்பது நாம் அறியத்தக்க வரலாறாகும். அந்நாட்டில் 1914-ஆம் ஆண்டில் ஹாரிசன் சட்டம் இயற்றப்பட்டது. இந்நோயாளர்க்கு வைத்தியர் தொடர்ந்து மார்பின் எழுதிக் கொடுப்பது முறையான வைத்தியமாகாது என்று 1919-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின், பல நகரங்களில் இவர்களுக்கென நடைபெற்ற வைத்தியசாலைகள் சில ஆண்டுகளிலே மூடப்பட்டன. நோயாளன் குற்றவாளி ஆனான். 1935-இல் கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரில் அரசாங்கம் சிறையும் மருத்துவமனையும் கலந்ததொரு பெரு நிலையத்தை நிறுவியது. அங்கே உணவும், வேலையும், நல்ல காற்றும் கிடைத்தன. போதையோ கிடைக்கவில்லை. எனினும், வெளியேறியவருள் மிகப் பெரும்பான்மையோர் மீண்டும் பழைய வழியே சென்றனர் என்று பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் எழுதினர்.

அந்நிலையத்திற் பணிபுரிந்தவருள் ஒருவர் மேரி நைஸ்வாண்டர் என்னும் மனநோய் வைத்தியர். போதைக்கு ஆட்பட்டவனை நோயாளியாகவே கொள்ளவேண்டும் என்று 1956-இலேயே அவ்வம்மையார் ஒரு நூல் எழுதினார். நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வின்சென்ட் டோல் என்பவர் அந்நூலைக் கற்று அவரை அழைத்துக்கொண்டார். 1964-இல் அவர்களது ஆராய்ச்சி தொடங்கியது. மேரி ஜீன் கிரீக் என்னும் இளம் வைத்தியரும் அவர்களுடன் சேர்ந்தார்.

அவர்கள் முதலில் நோயாளர்க்கு மார்பினையே கொடுத்துப் பார்த்தனர். அதனால் யாதும் பயனில்லை. அளவு ஏறிக்கொண்டே போயிற்று. அடுத்த ஊசி எப்பொழுது என்று காத்து உட்கார்ந்திருப்பதே அவர்களுடைய தொழிலாயிற்று. பின்னர் மெதடோன் என்னும் மருந்தை வாய்வழியே கொடுத்தனர். சில நாட்களிலே காட்சி மாறியது. ஊசிக்குக் காத்திருந்தவருள் ஒருவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். மற்றொருவர் விட்டுப்போன படிப்பைத் தொடரவேண்டும் என்றார். 22 நோயாளர்களைப் பற்றிய முதற் கட்டுரை 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க வைத்தியர் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. சர்க்கரை நோய் போல இதுவும் உடலின் இயக்கத்தில் நேர்ந்த குறை என்பதே அவர்கள் கொண்ட முடிவு.

மெதடோனும் அபின் இனத்ததே. அங்ஙனமாயின் வேற்றுமை யாது? ஹெராயின் நான்கு முதல் ஆறு மணிநேரத்தில் இறங்கிவிடும். அதனைக் கொண்டவன் ஒரு நாளிற் பன்முறை மயக்கத்துக்கு ஏறுகின்றான். பன்முறை நோவுக்கு இறங்குகின்றான். அவ்வேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே தொழிலேது, குடும்பமேது? மெதடோன் மெல்ல ஏறி ஒரு முழு நாளுக்கு மேல் ஒரே நிலையில் நிற்கும். உரிய அளவில் உட்கொண்டவனுக்கு மயக்கமும் இல்லை, நோவும் இல்லை. அவ்வாயில்கள் நிறைந்திருப்பதனால் அதன்மேல் ஹெராயின் ஏற்றினும் முன்போற் களிப்புத் தோன்றுவதில்லை.

பின்னர் வந்தது புப்ரெனார்பின் என்னும் மருந்து. இங்கிலாந்திலே ஹல் நகரத்து ஆராய்ச்சிச்சாலையில் 1966-இல் ஆக்கப்பட்டது. நாவின் அடியில் வைத்துக் கரைக்கப்படும் மாத்திரை இது. விண்ணப்பத்தில் குறிக்கப்பட்டதும் இதுவே. இது மூளையின் வாயிலைப் பாதியே திறக்கும். அவ்விடத்தை இறுகப் பற்றி அமர்ந்து பிறிதொன்றை எளிதில் உள்ளே விடாது. அளவை எவ்வளவு உயர்த்தினாலும் ஓர் எல்லைக்குமேல் இதன் வேகம் ஏறுவதில்லை. ஆதலின் மூச்சை அடக்கும் அபாயம் மெதடோனினும் குறைவு. மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வாரும் இருந்தமையால், நலாக்ஸோன் என்னும் மாற்றுப் பொருளையும் அதனுடன் கூட்டினர். நாவடியில் வைத்தால் நலாக்ஸோன் பெரிதும் வேலை செய்யாது; ஊசியில் ஏற்றினாலோ நோவை உடனே வருவித்துவிடும். களவைத் தடுக்கும் காவல் மருந்துக்குள்ளேயே வைக்கப்பட்டது.

நாடுகள் கண்ட பயன்

பிரெஞ்சு தேசத்தில் 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹெராயினால் இளைஞர் பலர் மாண்டனர். 1996-ஆம் ஆண்டு முதல் அங்குள்ள எந்தப் பொது வைத்தியரும் புப்ரெனார்பின் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசாங்கம் இடங்கொடுத்தது. 1995-க்கும் 1999-க்கும் இடையே மிகை அளவால் நேர்ந்த சாவுகள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்காவிலோ இம்மருந்து இந்நோய்க்கென 2002-இல் ஏற்கப்பட்டும், அதனை எழுதத் தனி அனுமதி பெறவேண்டும் என்ற விதி இருபது ஆண்டுகள் நீடித்தது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றிய சட்டமே அவ்விதியை நீக்கிற்று. இதற்குள் பென்டனில் அந்நாடெங்கும் பரவிவிட்டது. 2021-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே போதைப் பொருள்களின் மிகை அளவால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் அபின் இனத்தால் மாண்டவர். மருந்து கொண்டு ஆற்றும் முறையைக் கண்ட நாட்டுக்கே மருந்தைக் கொடுக்கத் துணிவில்லாதிருந்த வரலாறு இது.

2017-ஆம் ஆண்டில் பல நாடுகளின் கணக்குகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியாயிற்று. மெதடோன் சிகிச்சையில் உள்ளோர் ஆயிரவரை ஓராண்டு நோக்கின் ஏறக்குறைய 11 பேர் இறக்கின்றனர். சிகிச்சையினின்று விலகியோர் ஆயிரவருள் 36 பேர் இறக்கின்றனர். புப்ரெனார்பின் உட்கொள்வோருள் இவ்வெண்ணிக்கை ஏறக்குறைய 4 ஆகவும், விலகியோருள் 9-க்கு மேலாகவும் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்துவிட்டது.

நம் பாரத நாட்டின் நிலை என்ன? 2019-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட ஆய்வின்படி அபின் இனத்தைப் பயன்படுத்துவோர் ஏறக்குறைய 2 கோடியே 26 லட்சம் பேர். அவருள் 77 லட்சம் பேர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். ஊசி வழியே எச்.ஐ.வி. பரவுதலைத் தடுக்கும்பொருட்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் புப்ரெனார்பின் சிகிச்சையைத் தன் திட்டத்தில் ஏற்று நடத்திவருகின்றது. மணிப்பூர், நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாகாணங்களில் இதன் அவசியம் பெரிதாயிருந்தது. மெதடோன் 2012-இல் நம் நாட்டிற்கு வந்தது. பஞ்சாப் மாகாணத்தில் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வெளிநோயாளர் நிலையங்கள் திறக்கப்பட்டு, வீட்டிலிருந்தே வந்து மருந்து பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது.

'இது பஞ்சாபின் துன்பம், நமக்கென்ன?' என்று கேட்பீராயின், நம் தமிழ்நாட்டிலேயே வலி மாத்திரைகளை நீரிற் கரைத்து ஊசியிலேற்றும் இளைஞரைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் காணவில்லையா? ஹெராயினைக் கண்ணாலும் காணாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அவ்வீடுகளுள் ஒன்று எமது வீடு.

எமது குடும்பத்தில் நிகழ்ந்தது

எம் தமக்கையாருக்கு ஒரே மகன். அவனை வளர்த்ததிலும் படிக்கவைத்ததிலும் எமக்கும் பங்குண்டு. மாமா என்று அவன் அழைத்தால் எமக்கு வேறு செல்வம் வேண்டியிருந்ததில்லை. படிப்பை முடித்து வேலையில் அமர்ந்த ஆண்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவன் கால் எலும்பு முறிந்தது. வலிக்கு மாத்திரை கொடுத்தனர். எலும்பு கூடிற்று, மாத்திரை நிற்கவில்லை. கடையில் சீட்டின்றி வாங்கினான். பின் நண்பரொருவர் காட்டிய வழியில் ஊசிக்குச் சென்றான். வேலை போயிற்று. தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. இருமுறை ஓர் இல்லத்திற் சேர்த்தோம். இருமுறையும் தெளிந்து வந்து இரண்டு மாதம் தாண்டாமல் வீழ்ந்தான்.

மூன்றாம் முறை ஒரு மனநோய் வைத்தியர் நாவடி மாத்திரையைத் தொடங்கினார். முதல் வாரத்திலேயே உறங்கினான், உண்டான். மூன்றாம் மாதத்தில் ஒரு கிடங்கிற் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தான். தாயின் சங்கிலியைத் தன் சம்பளத்தால் மீட்டுக் கொடுத்த அன்று எம் தமக்கையார் அதனைக் கழுத்திலிடாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பதினொரு மாதம் அவன் ஊசியைத் தொடவில்லை.

அவ்வேளையில் ஒரு பெண் வீட்டார் வந்தனர். சம்பந்தம் நல்லது. 'பையன் ஏதோ மாத்திரை தின்கிறானாமே?' என்று அவர்களுட் பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே கேட்டார். எமக்கு முகம் சுருங்கிற்று. வீட்டிற்கு வந்து அவனைக் கடிந்தோம். 'ஒரு போதையை விட்டு மற்றொரு போதையைப் பிடித்திருக்கிறாய். ஆண்மையுடையவனாயின் இதனையும் விடு' என்றோம். வைத்தியரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினான். குறைப்பதாயின் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும், இப்பொழுது வேண்டாம் என்று அவ்வைத்தியர் சொல்லியனுப்பினார். மருந்து விற்பவர் வேறென்ன சொல்வார் என்று யாம் நகைத்தோம். குலதெய்வத்தின் சந்நிதியிலே கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் வாங்கினோம். அவன் எமது சொல்லைத் தட்டியவனல்லன். விட்டுவிட்டான்.

பத்தொன்பது நாள் சென்றது. அவ்விரவு அவன் அறைக்கதவை உடைத்தே திறக்க நேர்ந்தது. இதழ் நீலம் பாய்ந்திருந்தது. முன்பு அவன் எடுத்துவந்த அளவைவிட அதிகமாக ஒன்றும் எடுக்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். தாங்கும் வலிமையை அவனிடமிருந்து நீக்கியவர் யாம். வேட்கையை நீக்க எம்மால் இயலவில்லை.

சகோதரர்களே! இதனை இரக்கம் பெறுதற்பொருட்டுக் கூறவில்லை. விண்ணப்பத்திற் கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் தம் வீட்டில் எமது இடத்தில் ஒருநாள் நிற்க நேரலாம் என்பதற்காகவே கூறினோம்.

தடைகளும் விடைகளும்

முதல் தடை, 'ஒரு போதைக்கு மற்றொரு போதையா?' என்பது. யாமே கேட்ட கேள்வி இது. போதையாவது யாது? அறிவு மயங்குதல், மேன்மேலும் அளவைக் கூட்டத் தேடுதல், அதன்பொருட்டுத் தொழிலையும் உறவையும் கைவிடுதல். உரிய அளவில் இம்மருந்தைக் கொண்டவனிடத்தே இவை காணப்படுவதில்லை. உடல் அம்மருந்தைச் சார்ந்து நிற்பது மெய்யே. குலை தள்ளிய வாழை முட்டுக்கொம்பைச் சார்ந்து நிற்கின்றது. சார்ந்து நிற்பது இழிவென்று கொம்பைப் பறித்தெறிவார் உண்டோ?

இரண்டாவது, 'எத்தனை நாள் தின்பது?' என்பது. சிலர்க்கு ஓராண்டு, சிலர்க்குப் பல ஆண்டுகள், சிலர்க்கு ஆயுள் முழுவதும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்பவரை நாம் நாள் கேட்பதில்லை. நிறுத்தும் காலத்தை நோயாளனும் வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். திருமண நாளும் திருவிழா நாளும் அதற்கு நாளல்ல.

மூன்றாவது, 'மருந்தில் தீங்கே இல்லையா?' என்பது. உண்டு. மெதடோன் அளவு மிஞ்சினால் உயிரைக் கொல்லும். தொடங்கிய முதற் சில வாரங்களில் மிகுந்த கவனம் வேண்டும். இரண்டு மருந்துகளிலும் மலச்சிக்கல் வரும். மதுவுடனோ, தூக்க மாத்திரையுடனோ சேர்த்தால் மூச்சு அடங்கும். மாத்திரையைக் கரவாக விற்பாரும் உண்டு. அதனாற்றான் அரசாங்கம் ஏற்ற நிலையங்களிற் கணக்குடன் கொடுக்கின்றனர். எல்லார்க்கும் இது பயன்படும் என்றும் கூறோம். நடுவே விடுவோர் பலர். நால்ட்ரெக்ஸோன் என்ற வேறொரு மருந்தும் உண்டு. அது வாயிலை முழுவதும் அடைத்துவிடும். ஆனால் அதனைத் தொடங்குமுன் ஒரு வாரத்துக்கு மேல் போதை சிறிதும் இன்றியிருத்தல் வேண்டும். யாவர்க்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே கூறவேண்டும்.

நான்காவது தடை நம் மரபைப் பற்றியது. நம் முன்னோர் கள்ளுண்ணாமையைச் சபதமாக ஏற்றவர். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபோது அதனைக் கொண்டாடியவர். அவ்வழி வந்த நாம் இதற்கு இடங்கொடுக்கலாமா என்று பெரியோர் கேட்கின்றனர். அவர்கள் மதுவை விலக்கியது குடியானவன் வீட்டில் அடுப்பெரியவும், குழந்தை பள்ளி செல்லவும், மனைவி அடியின்றி உறங்கவும் வேண்டுமென்றே. இம்மாத்திரையால் அம்மூன்றும் நிகழுமாயின், அவர்களுடைய சபதம் நிறைவேறியதென்றே யாம் கொள்கின்றோம்.

குடும்பத்தார் அறியவேண்டுவன

திருவள்ளுவனார் மருந்தென்பதனை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, உடனிருந்து பணிபுரிபவனையும் நான்காவதாக வைத்தார். அந்நான்காவது இடம் நம்முடையது. அவ்விடத்தில் இருப்போர் சிலவற்றை அறிதல் வேண்டும்.

வலி மாத்திரை வைத்தியர் சொன்ன நாளுக்குமேல் நீடித்தால் உடனே அவரிடம் கூறுக. புப்ரெனார்பினைத் தொடங்குமுன் பழைய மருந்து உடலினின்று இறங்கி நோவு தோன்றியிருத்தல் வேண்டும்; முந்தினால் கடு நோவு வரும்; ஆதலின் வைத்தியர் காலம் குறித்தே கொடுப்பார். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கெட்டாதவாறு பூட்டி வைக்க. கருவுற்ற பெண்ணொருத்தி இந்நோய்க்கு ஆட்பட்டிருப்பின் மருந்தைத் திடீரென நிறுத்தலாகாது. அவளுக்கும் இச்சிகிச்சை உண்டு.

ஒருவன் எழுப்பினும் எழாமல், மூச்சுக் குறைந்து, இதழ் நீலமாகி, கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கியிருப்பின், அது மிகை அளவின் அடையாளம். உறங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், ஒருக்களித்துக் கிடத்துங்கள், மூச்சு நின்றிருப்பின் வாயோடு வாய்வைத்து ஊதுங்கள். நலாக்ஸோன் ஊசி அவ்வேளையில் உயிரை மீட்கவல்லது. எமக்கு அன்று இவற்றுள் ஒன்றும் தெரியாது.

போலீசுக்கு அஞ்சி மறைப்போரும் உளர். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, தன்னளவில் பயன்படுத்திய குற்றத்திற்கும் சிறிய அளவு பற்றிய குற்றத்திற்கும் ஆளான நோயாளன், அரசாங்கம் ஏற்ற மருத்துவ நிலையத்தில் தானாகவே முன்வந்து சிகிச்சை பெறுவானாயின், அவன்மீது வழக்கு நடத்தலாகாது என்று காப்பளிக்கின்றது. சிகிச்சையை நடுவே விடாதிருத்தல் அதற்கு வேண்டும். வழி அறியாதவர்க்கு 14446 என்னும் மத்திய அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி உளது.

சங்கத்தின் கடமை

இனி விண்ணப்பத்திற்கு வருவோம். அது நிறைவேறுமாயின் விளைவு யாது? விடுதியில் இடம் வேண்டிய மாணவன் மாத்திரையை மறைப்பான், அல்லது விடுவான். மணம் வேண்டிய தாய் தன் மகனிடம் கற்பூரத்தை ஏற்றிச் சத்தியம் வாங்குவாள். ஊசியை மறைப்பவனுக்கு நம் விதியால் ஒரு தடையுமில்லை; மாத்திரையை வெளிப்படையாக உண்பவனுக்கே தடை. நோயை மறைத்தவனுக்கு இடமும், மருந்தை ஏற்றவனுக்குத் தண்டனையும் தரும் விதி எந்தச் சமூகத்தின் நற்பெயரைக் காக்கும்?

பெண் வீட்டார்க்கு உண்மை தெரியவேண்டாமா என்று கேட்பர். தெரியவேண்டும். எந்த நோயையும் மறைத்து மணம் முடித்தல் தவறு. ஆனால் உண்மையைச் சொல்பவன் பெயரைப் பதிவேட்டினின்று அடித்துவிட்டால், பின் உண்மையை யார் சொல்வார்?

ஆதலின் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுமாறு நிர்வாகக் கழகத்தாரை வேண்டுகின்றோம். அதற்கு ஈடாக மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். சிகிச்சையில் இருக்கும் மாணவர்க்கு விடுதியிலும் உதவித்தொகையிலும் யாதொரு குறையும் நேராது என்று தெளிவாக விதி எழுதுக. மருந்து பெறத் தொலைவு செல்லவேண்டிய ஏழைகட்கு வழிச்செலவு தர ஒரு சிறு நிதி வைக்க. அதில் பெயர் வெளியிடும் வழக்கம் வேண்டா. அந்நிதி நம் குலத்தாருக்கு மட்டும் என்று எல்லை கட்டவும் வேண்டா. நோய்க்குக் குலமில்லை, அதனை ஆற்றும் கைக்கும் குலம் வேண்டுவதில்லை. அந்நிதிக்கு முதற் தொகையாக, எம் மருகனின் திருமணத்திற்கென யாம் சேர்த்து வைத்திருந்ததை இன்று பொருளாளரிடம் ஒப்புவிக்கின்றோம்.

எம் தமக்கையார் இக்கூட்டத்திற்கு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இதனைப் பேசலாமா என்று நேற்று அவரிடம் கேட்டோம். 'இன்னொருத்தியின் பிள்ளை மாத்திரை தின்றுகொண்டு உயிரோடு இருக்கட்டும்' என்றார். அவருடைய சொல்லுக்குமேல் எமக்குச் சொல்லில்லை.